டாக்டராகப் போற அம்முணிக்கு அப்புச்சியோட ரோசனை

அம்முணி, நீ வேதியியல்ல டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்துட்டயாமா. நெம்ப சந்தோசம். உங்கம்மா போன்ல சொன்னா. கூடவே ஒரு வருத்தத்தையும் சொன்னா. மருந்து ஒண்ணு செஞ்சமா, கட்டுரை ஒண்ணு எழுதுனமான்னு இருக்காம, அந்த மருந்து ஆத்துல போய் என்ன பண்ணும், காட்டுல என்ன பண்ணும், ஊரு சனத்தோட ஒடம்புல என்ன பண்ணும்னு எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துத்தான் பாப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறயாமா. "அதெல்லாம் வேற டிபார்ட்மென்ட்டு சமாச்சாரம்மா"ன்னு பெரியவங்க பதமாச் சொல்லிப் பாத்தாங்களாமா. நீ காதுலயே போட்டுக்கலையாமா.

பெரியவங்க சொன்னாக் கேக்கோணும் சாமி. நான் மாயாத்துப் பள்ளத்துல மாடு மேச்சவன். காலேஜ் வாசல மிதிச்சதில்ல. ஆனாலும் நீ லீவுக்கு வர்றப்பல்லாம் திண்ணையில உக்காந்து படிச்சுப் படிச்சுச் சொன்னயே, அதுல ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாப் புடிபட்டுப் போச்சு. உன்ற துறையில வம்பு தும்பில்லாம முன்னுக்கு வர்றதுக்குன்னு சில சூட்சுமம் இருக்குது. அதையெல்லாம் வரிசையாச் சொல்றேன். கருத்தாக் கேட்டு எழுதிக்க.

மொதச் சூட்சுமம்: உன்ற குடுவையத் தாண்டி எட்டிப் பாக்காத.

டைக்ளோபினாக்குன்னு ஒரு மருந்து. சுவிட்சர்லாந்துல சிபா-கெய்கி கம்பெனிக்காரங்க செஞ்சு, 1970கள்ல மனுசங்களுக்கு விக்க ஆரம்பிச்சது. ஒடம்புல வலியையும் வீக்கத்தையும் கெளப்பி உடற புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு இருக்குதாமா. அதை உண்டாக்கற நொதியப் போயி இந்த மருந்து அடக்கி வெச்சிரும். நெம்ப நல்ல மருந்து. நம்பலீன்னா என்ற முழங்காலக் கேளு, சாட்சி சொல்லும். காப்புரிமைக் கெடு முடிஞ்சதும் நம்ம நாட்டுக் கம்பெனிகளும் செய்ய ஆரம்பிச்சாங்க. வெலை அடிமாட்டு வெலைக்கு வந்துச்சு. 1994 வாக்குல மாட்டுக்கும் போட ஆரம்பிச்சாங்க. மடி வீங்குன மாடு, காலு நொண்டுற எருது, காச்சல்ல படுத்த எருமை எல்லாம் ஊசி போட்ட மறுநாளே எந்திரிச்சு நின்னுச்சு. ஏழை சம்சாரிக்கு ஒரு நாள் ஏர் ஓடுனா ஒரு நாள் கஞ்சி. இதைக் கொறை சொல்ல ஆருக்கு வாய் வரும்?

இந்த எடத்துல நிறுத்திக்க அம்முணி. மூலக்கூறு வேலை செய்யுது, மாடு எந்திரிக்குது, கம்பெனி விக்குது, சம்சாரி சிரிக்கறான். கதை சுபம். கட்டுரைய அனுப்பிட்டு டீ குடிக்கப் போ. இதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டயோ, கெட்ட.

ரெண்டாவது சூட்சுமம்: அந்த மாடு செத்தா ஆரு திங்கறதுன்னு மட்டும் கேட்டுராத.

ஊசி போட்ட மாடெல்லாம் பொழைக்கறதில்ல. செல மாடு ஊசி போட்ட ரெண்டொரு நாள்ல செத்தும் போகும். நம்ம நாட்டுல செத்த மாட்டை என்ன பண்ணுவம்? தோலை உரிச்சுட்டு ஊருக்கு வெளிய இழுத்துப் போடுவம். பொறவு அதுக்குன்னே இருந்த கூட்டம் வந்து எறங்கும். பாறுன்னு சொல்லுவம், பொணந்தின்னிக் கழுகுன்னும் சொல்லுவம். ஒரு கூட்டம் எறங்குச்சுன்னா ஒரு மாடு ஒரு மணி நேரத்துக்குள்ள வெறும் எலும்பு. அதோட வயித்து அமிலம் இருக்குதே, அதோட பிஹெச்சு கிட்டத்தட்ட ஒண்ணு. அடப்பான் கிருமி உள்ள போனாக்கூடத் தப்பறது கஷ்டம். நீ லேபுல கையொறை, கண்ணாடியெல்லாம் போட்டுக்கிட்டுப் பயந்து பயந்து தொடற அமிலத்தை அது தன்ற வயித்துலயே வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்துச்சு. சம்பளம் கேக்கல, பென்சன் கேக்கல.

அந்தப் பாறுக்கு டைக்ளோபினாக்கு ஆகாது. செத்த மாட்டோட ஈரல்லயும் சிறுநீரகத்துலயும் மிச்சம் இருந்த மருந்து உள்ள போனாப் போதும், பறவையோட சிறுநீரகம் நின்னு போயிரும். யூரிக் அமிலம் வெளிய போக வழியில்லாம நெஞ்சுக்கூட்டுலயும் ஈரல்லயும் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையாப் படிஞ்சிரும். தலை தொங்கிப் போயி மரத்துல உக்காந்திருக்கும். கொஞ்ச நாள்ல கீழ உழுந்துரும்.

எத்தன மாட்டுல மருந்து இருந்தா ஒரு சாதியே அழியும்னு கணக்குப் போட்டுப் பாத்தாங்க. நூத்துல ஒண்ணுகூட வேண்டியதில்லையாமா. 130 பொணத்துல ஒண்ணோ, 760 பொணத்துல ஒண்ணோ வெசமா இருந்தாலே போதுமாமா. ஏன்னா ஒரு பொணத்தைச் சுத்தி ஒண்ணா ரெண்டா, நூத்துக் கணக்குல எறங்குதே. சரி, நம்ம நாட்டுல நெசமா எத்தன பொணத்துல மருந்து இருந்துச்சுன்னு 2004, 2005ல மாதிரி எடுத்துப் பாத்தாங்க. நூத்துக்குப் பத்து. முடிஞ்சுது சோலி. 1992ல ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த எடத்துல 2007ல ஒண்ணு. மத்த ரெண்டு வகையில நூத்துக்குத் தொண்ணூத்தாறுக்கு மேல காணோம். ஒலகத்துல இருந்த பெரிய வேட்டைப் பறவைகள்லயே எண்ணிக்கையில மொத எடத்துல இருந்ததுன்னு சொல்லப்பட்ட பறவை அது. அதை அழிக்க ஒரு துப்பாக்கி வேணுமா, ஒரு கண்ணி வேணுமா? ஒரு நல்ல மருந்து போதும்.

பாத்தயா, ஒரே ஒரு கேள்விய உட்டதுக்கு எத்தன பெரிய சாதனை! நீயும் இந்த வழியில போனா பேரு நெலைக்கும்.

மூணாவது சூட்சுமம்: கணக்கை உன்ற நோட்டுல மட்டும் போடு.

ஊசி மருந்து என்ன வெலை, மாடு எத்தன நாள் வேலை செஞ்சுது, கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம். இது மூணையும் கூட்டிக் கழிச்சுக் கோடு போட்ரு. நோட்டுக்கு வெளிய நடக்கறது உனக்கெதுக்கு?

ஏன் சொல்றேன்னா, வெளிய எட்டிப் பாத்தவங்களுக்கு ராத்திரி தூக்கம் போயிருச்சு. கல்யாண வீட்டுப் பந்தியில எச்சல் எலை எடுக்கறவனை அடிச்சு வெரட்டிட்டா, அடுத்த பந்திக்கு எலைமேல எலை போட்டா திம்பாங்க? அந்தக் கதைதான். கழுகு போன எடத்துக்கு நாயும் எலியும் வந்துச்சு. நாய்க்குக் கழுகு மாதிரி வேலை சுத்தம் கெடையாது. பாதி தின்னும், பாதிய இழுத்துக்கிட்டுப் போயி அங்கங்க போடும். குட்டியும் போடும். 1992க்கும் 2003க்கும் நடுவால இந்தியாவுல 55 லட்சம் நாய் எச்சாச்சுன்னும், அதனால வெறிநாய்க் கடியில 47,000 பேருக்கு மேல செத்தாங்கன்னும் 2008லயே ஒரு கணக்கு வந்துச்சு.

அது நாய்க்கடிக் கணக்கு மட்டும். அப்பறம் சிகாகோ பல்கலைக்கழகத்து எயால் பிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்து அனந்த் சுதர்சன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க முழுக் கணக்கையும் எடுத்துக்கிட்டு உக்காந்தாங்க. கழுகு எச்சா வாழ்ந்த ஜில்லாக்களையும் கழுகுக்குத் தோதுப்படாத ஜில்லாக்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. ஊசி வர்றதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் சாவுக் கணக்கு ஒரே போக்குலதான் போயிருக்குது. ஊசி வந்த பொறவு கழுகு இருந்த பக்கத்துல மனுசச் சாவு நூத்துக்கு நாலுக்கு மேல ஏறியிருக்குது. 2000த்துல இருந்து 2005க்குள்ள மட்டும் எச்சாச் செத்த சனம் அஞ்சு லட்சம். வருசத்துக்கு 6,940 கோடி டாலர் நட்டம். 2024ல அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூல இது வந்துச்சு.

அஞ்சு லட்சம் பேரு அம்முணி. ஒருத்தரோட சாவுச் சர்ட்டிபிகேட்டுலயும் "காரணம்: மாட்டுக்குப் போட்ட வலி மருந்து"ன்னு எழுதியிருக்காது. காச்சல்னு இருக்கும், பேதின்னு இருக்கும், நாய்க்கடின்னு இருக்கும். அதனாலதான் சொல்றேன், உன்ற நோட்டை மூடி வெச்சுக்க. சுத்தமா இருக்கும்.

நாலாவது சூட்சுமம்: துறைக்குத் துறை வேலி போட்டு, தொட்டி கட்டி, பூட்டுப் போட்டுக்க.

ராஜஸ்தான்ல பரத்பூர்னு ஒரு பறவைச் சரணாலயம். அங்க விபு பிரகாஷ்னு ஒரு பறவைக்காரரு பாறுங்களை எண்ணிக்கிட்டே வந்தாரு. 1980கள்ல நூத்துக் கணக்குல இருந்த கூடு 1990கள்ல ஒண்ணொண்ணா மறையறதைப் பாத்துட்டு, 1999ல எழுதி வெச்சாரு. ஒடனே எல்லாரும் அவங்கவங்க பொட்டியத் தெறந்தாங்க. ஏதோ புதுக் கிருமின்னாங்க. பூச்சி மருந்துன்னாங்க. கறி கெடைக்கலைன்னாங்க.

கழுகுக்காரரு கழுகைப் பாத்தாரு. மாட்டு டாக்டரு மாட்டைப் பாத்தாரு. மனுச டாக்டரு நாய்க்கடியப் பாத்தாரு. மருந்து செஞ்சவரு மாத்திரையோட சுத்தத்தைப் பாத்தாரு. ஒருத்தரும் அவங்க வேலையில தப்புப் பண்ணல. எல்லாரும் அவங்கவங்க வேலையப் பிசகில்லாம செஞ்சாங்க. அப்படித்தான் கழுகு செத்துச்சு.

கடைசில முடிச்சை அவுத்தது பாகிஸ்தான் பஞ்சாபுல வேலை பாத்த ஒரு கூட்டம். லின்ட்சே ஓக்ஸ்னு அமெரிக்கக் கால்நடை டாக்டரு ஒருத்தரு. செத்த கழுகை அறுத்து அறுத்துப் பாத்தாரு. கிருமி கெடைக்கல, பூச்சி மருந்து கெடைக்கல. சிறுநீரகந்தான் முக்காவாசிக் கழுகுல போயிருந்துச்சு. அப்பறம் அந்தக் கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? மாட்டு வைத்தியரையும் மருந்துக் கடைக்காரரையும் போய்க் கேட்டாங்க: இந்த நாட்டு மாட்டுக்கு நீங்க போடற மருந்துல சிறுநீரகத்தைக் கெடுக்கறது எது, இப்பப் புதுசா வந்தது எது? ரெண்டுக்கும் பொருந்துனது ஒரே ஒரு பேருதான். கழுகோட சிறுநீரகத்துல தேடிப் பாத்தாங்க. சிறுநீரகம் போயிச் செத்த கழுகுல இருந்துச்சு, வேற காரணத்துல செத்ததுல இல்ல. 2004ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு.

ஒரு பறவைக்காரன் மருந்துக் கடைப் படியேறுனதுக்கு இத்தன வருசம் ஆச்சு. நீ அந்த மாதிரி அசிங்கமெல்லாம் பண்ணாத. லேபுப் பொண்ணு மாட்டுச் சந்தைக்குப் போனா ஆரு மதிப்பாங்க?

அஞ்சாவது சூட்சுமம்: கழுவி ஊத்துன தண்ணி உன்னுது இல்ல.

ஐதராபாத்துப் பக்கத்துல பட்டஞ்செருன்னு ஒரு ஊரு. மருந்து கம்பெனிங்க நெறஞ்ச எடம். தொண்ணூறு கம்பெனி வாக்குல கழிவுத் தண்ணிய ஒரே சுத்திகரிப்பு நெலையத்துக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்க. அங்க சுத்தம் பண்ணி வெளிய உட்ட தண்ணிய சுவீடன்காரரு ஜோக்கிம் லார்சனும் கூட்டாளிகளும் எடுத்துப் பாத்து 2007ல எழுதுனாங்க. சிப்ரோபிளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக்கு, ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் இருந்துச்சாமா. மாத்திரை முழுங்குன நோயாளியோட ரத்தத்துல இருக்கறதை விட எச்சு.

எவ்வளவு தாராளம் பாரு! டாக்டரு வேண்டாம், சீட்டு வேண்டாம், காசு வேண்டாம். மீனுக்கும் தவளைக்கும் சேத்து ஊருக்கே வைத்தியம். அந்தத் தண்ணியில வளர்ற கிருமிக்கு மட்டும் எதுக்கும் அசராத தெம்பு வந்துரும். அப்பறம் அது பட்டஞ்செருவுலயே உக்காந்திருக்குமா? ஆறு இருக்குது, சந்தை இருக்குது, ஏரோப்பிளேன் இருக்குது. அந்த மாத்திரைய வாங்கித் தின்ன வெளிநாட்டுக்காரன் ஊட்டு வாசல்லயும் ஒரு நாள் வந்து நிக்கும். இது இந்தியாவுக்காரன் பாவம், அது சுவீடன்காரன் புண்ணியம்னு அது பிரிச்சுப் பாக்கறதில்ல.

இந்த வழியில உனக்கு முன்னோடியும் இருக்கறாரு. அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜிலின்னு ஒரு பெரிய கெட்டிக்காரரு. 1921ல பெட்ரோல்ல ஈயத்தைக் கலந்து எஞ்சினு சத்தத்தை அடக்குனாரு. அதுக்கப்பறம் பிரிட்ஜுக்குன்னு சி.எப்.சி. வாயுவைக் கொண்டாந்தாரு. தீப்புடிக்காது, வெசமில்லைன்னு மெச்சுனாங்க. மொதலாவது ஒலகத்துக் கொழந்தைங்க மூளைய மழுங்கடிச்சுது. ரெண்டாவது வானத்துல ஓசோனை அரிச்சுது. அவரு வாழ்ந்த காலத்துல மெடல் மேல மெடல். ரெண்டு கண்டுபிடிப்பும் குடுவைக்குள்ள பாத்தா மாசு மருவில்லாதது. சூட்சுமத்தை அவரு எத்தன சுத்தமாக் கடைப்புடிச்சிருக்காரு பாரு.

ஆறாவது சூட்சுமம்: அண்ணனுக்குத் தடை போட்டா தம்பியக் கூட்டியா.

2006ல டைக்ளோபினாக்கை மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு இந்தியாவுல தடை வந்துச்சு. நேபாளத்துலயும் பாகிஸ்தான்லயும் வந்துச்சு. அதே வருசம் மெலாக்சிகாம்ங்கற மருந்தைக் கழுகுக்குக் குடுத்துச் சோதிச்சு, ஒண்ணும் ஆகலைன்னு காமிச்சாங்க. மாட்டுக்கும் வலி போகுது, கழுகுக்கும் சாவில்ல. ரோசனை உள்ளவன் ஒடனே மாறிக்குவான்.

ஆனா மனுசனுக்குன்னு 30 மில்லி பாட்டல்ல டைக்ளோபினாக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. எந்த மனுசனுக்கு ஒரே பாட்டல்ல 30 மில்லி வேணும்? மனுசன் பேரைச் சொல்லி மாட்டுக்குப் போச்சு. 2015ல ஒரு ஊசிக்கு 3 மில்லிக்கு மேல பாட்டல் கூடாதுன்னு அரசு சொல்லுச்சு. அதை எதுத்துக் கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2017ல நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்டு, அரசு சொன்னது சரிதான்னு தீர்ப்புக் குடுத்துச்சு.

அதுக்குள்ள தம்பிங்க வந்து சேந்தாங்க. அசிக்ளோபினாக்குன்னு ஒருத்தன். பேருதான் வேற. மாட்டு ஒடம்புக்குள்ள போனதும் வேசத்தைக் கலைச்சுட்டு அண்ணன் டைக்ளோபினாக்காவே மாறி நிப்பான். இதைக் கண்டுபுடிக்கக் கழுகு சாகோணுமா அம்முணி? மூலக்கூறைப் படம் போட்டுப் பாத்தா உன்ற மாதிரி படிக்கற புள்ளைங்களே சொல்லிருவீங்கல்ல? கீட்டோப்ரொபேன்னு இன்னொருத்தன், அவனும் கழுகைக் கொன்னான். ரெண்டு பேருக்கும் மாட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு தடை வந்தது 2023ல. மொதத் தடைக்கு அப்பறம் பதினேழு வருசம். 2024 முடியறப்ப நிமெசுலைடுக்கும் தடை வந்துச்சு. இப்படி ஒவ்வொருத்தனும் கழுகைக் கொன்னு காமிச்சாத்தான் வெளிய அனுப்புவம்ங்கறது நம்ம மொறை. எத்தன பொறுமை நமக்கு!

கடைசிச் சூட்சுமம்தான் மேலான சூட்சுமம்: எல்லாத்தையும் சேத்துப் பாக்கோணும்னு அடம் புடிச்சா, படமா வரைஞ்சு பாரு.

நீ படிச்சுக் காமிச்சயே, ஸ்டீபன் மாட்லின், கோவர்தன் மேத்தா, ஹென்னிங் ஹாப், அலென் கிரீப்னு நாலு பேரு 2016ல நேச்சர் கெமிஸ்ட்ரியில எழுதுனது. மனுசன் ஒடம்பு, பிராணிங்க ஒடம்பு, பூமியோட ஒடம்பு மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வேதியியல்காரன் மூணையும் சேத்து நெனச்சுத்தான் வேலை செய்யோணும்னு எழுதியிருந்தாங்க. அதுல மேத்தா நம்ம ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்துக்காரரு. 2019ல கெமிக்கல் எஜுகேசன் பத்திரிகை இதுக்குன்னே தனி இதழ் போட்டுச்சு. கனடாவுல எட்மண்டன் ஊரு பீட்டர் மகாபியும் கூட்டாளிகளும் ஒரு வேதிவினைய நடுவுல வெச்சு, அதோட மூலப்பொருளு, எரிசக்தி, கழிவு, காசு, காத்து, தண்ணி எல்லாத்தையும் கோடு போட்டு இணைக்கற வரைபடத்தைச் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாலயே 1998ல பால் அனஸ்டாசும் ஜான் வார்னரும் பசுமை வேதியியல்னு 12 விதி எழுதிட்டாங்க. அதுல பத்தாவது விதி: செஞ்ச பொருளு வேலை முடிஞ்சதும் கெடுதலில்லாமச் செதைஞ்சு போற மாதிரி மொதல்லயே செய்யி.

அருமையான பேச்சு. ஒரு சொல்லு தப்பில்ல. அதனால நீ என்ன பண்ற, அந்தப் படத்தைக் கலர் கலரா அம்புக்குறி போட்டு வரை. பெரிய ஓட்டல்ல கருத்தரங்கு நடத்து. ஏசியக் கூட்டி வெச்சுக்கிட்டு பூமி சூடாகறதைப் பத்திப் பேசு. பிளாஸ்டிக் பாட்டல்ல தண்ணி குடிச்சுக்கிட்டே பிளாஸ்டிக்கைக் கண்டி. கால்நடைத் துறைக்காரரை மட்டும் கூப்புட்டுராத. சம்சாரியச் சுத்தமாக் கூப்புடாத. அவன் வந்தா, "எல்லாஞ் சரிங்க, என்ற மாட்டுக்கு நாளைக்கு எந்த ஊசி போடறது?"ன்னு ஒரே கேள்வியில பந்தலைப் பிரிச்சுருவான்.

சரி அம்முணி, கேலி போதும். இத்தன நேரம் சொன்னதுல ஒண்ணையும் எழுதிக்கலதானே? உன்ற மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சித்த காதைக் குடு, நெசத்தைச் சொல்றேன்.

நீ புடிச்ச பிடிவாதம் சரிதான். ஆனா அது பிடிவாதமா மட்டும் இருந்தாப் பத்தாது. ஒரு மருந்தைக் கண்டுபுடிக்கறவன் மூணு கேள்விக்குப் பதிலு சொல்லோணும். இது ஒடம்புக்குள்ள என்னவா மாறுது? ஒடம்பை உட்டு வெளிய வந்து எங்க போகுது? அங்க இதைக் குடிக்கறது, திங்கறது ஆரு? டைக்ளோபினாக்கு விசயத்துல இந்த மூணாவது கேள்விய 1994ல ஒருத்தரு கேட்டிருந்தாப் போதும். நாலு கழுகை வெச்சுச் சோதிச்சிருக்கலாம். அதுக்கு ஆகற செலவு வருசத்துக்கு 6,940 கோடி டாலரா ஆயிருக்கும்? மெலாக்சிகாமைச் சோதிச்சது அப்படித்தான். முன்னாலயே கேட்டாக் கேள்வி, பின்னால கேட்டாக் கருமாதி.

இன்னொண்ணு. எல்லாம் ஒண்ணோடொண்ணு பின்னிக் கெடக்குதுன்னு சொல்லிட்டுக் கையக் கட்டிக்கறதும் ஒரு சோம்பேறித்தனம். பின்னிக் கெடக்கறது ஊருக்கே தெரியும். எந்த எடத்துல கைய வெச்சா முடிச்சு அவுரும்ங்கறதுதான் படிச்சவன் சொல்லோணும். கழுகு விசயத்துல அந்த எடம் 30 மில்லி பாட்டல். அதை 3 மில்லியாக்கச் சொன்னது ஒரு சின்ன உத்தரவு. பெரிய தத்துவமெல்லாம் கடைசில அந்தப் பாட்டல் அளவுலதான் வந்து நின்னுச்சு. உன்ற ஆராய்ச்சியும் அந்த மாதிரி ஒரு பாட்டலைச் சுட்டிக் காட்டோணும். அம்புக்குறியோட நின்னு போனா அது கோலம், ஆராய்ச்சியில்ல.

வேலிய நீயேதான் தாண்டோணும். உன்ற வழிகாட்டிக் குழுவுல ஒரு வேதியியல்காரரு இருக்கட்டும். கூட ஒரு கால்நடை மருத்துவரு, ஒரு பொதுச் சுகாதாரக்காரரு இருக்கட்டும். வருசத்துக்கு ஒருக்காவாச்சும் மருந்துக் கடையில போயி நின்னு, எந்த பாட்டல் எச்சா விக்குதுன்னு கேளு. அந்தப் பதிலு எந்தப் பத்திரிகையிலயும் கெடைக்காது.

நம்ம மாயாத்துப் பள்ளத்துல நீர்மருது மரத்து மேல இன்னும் கொஞ்சம் பாறு கூடு கட்டுது. தென்னிந்தியாவுல மிச்சமிருக்கற பெரிய கூட்டம் இந்த முதுமலை, சீகூர், சத்தியமங்கலம் காட்டுப் பக்கந்தான். 2023 கடைசில தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநிலமும் ஒரே நேரத்துல எண்ணிப் பாத்ததுல மொத்தம் 320. மூணு மாநிலத்துக்கு 320. ஒரு காலத்துல ஒரு செத்த மாட்டைச் சுத்தியே நூறு எறங்குன பறவை. ஒரு சோடி வருசத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் போடும். குஞ்சு பெருசாகி அது முட்டை போட அஞ்சு வருசம் வாக்குல ஆகும். நம்ம அவசரத்துக்கு அது கட்டுப்படாது. ஒரு வெசப் பொணம் ஒரு வருசத்து முட்டை அத்தனையும் வீணாக்கிரும்.

அதனால உனக்கும், உன்ற மாதிரி படிக்கற புள்ளைங்களுக்கும், மாடு வெச்சிருக்கற எல்லாருக்கும் இந்தக் கெழவனோட வேண்டுகோள் இதுதான். படிக்கறவங்க: புது மூலக்கூறு எதை எழுதுனாலும், அது ஒடம்பை உட்டு வெளிய போன பொறவு என்ன ஆகுதுன்னு ஒரு அத்தியாயம் சேத்து எழுதுங்க. பட்டம் குடுக்கறவங்க: அந்த அத்தியாயம் இல்லாத புஸ்தகத்துல கையெழுத்துப் போடாதீங்க. மாடு வெச்சிருக்கறவங்க: வலிக்கு ஊசி போடறப்ப கால்நடை மருத்துவரைக் கேட்டு மெலாக்சிகாம், இல்லீன்னா டோல்பினாமிக் அமிலம் போடுங்க. ரெண்டும் கழுகைக் கொல்லாதுன்னு சோதிச்சுப் பாத்தது. மனுசனுக்குன்னு விக்கற ஊசி மருந்தை மாட்டுக்கு வாங்காதீங்க. வேற மருந்து போட்ட மாடு செத்தா வெளிய இழுத்துப் போடாமக் குழி தோண்டிப் பொதைங்க.